கால்வாய் கேட்கும் கேள்வி

திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் கால்வாயில் குப்பை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், 2024 ஜூலை 13-ல் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்தே சடலம் கிடைத்தது. சுத்தம் செய்யும் பொறுப்பு யாருடையது என்பதில் ரயில்வேக்கும் மாநகராட்சிக்கும் வாதம் மூண்டது.

மூலகாரணம் பழையது. நகரக் குப்பையை ஏற்றுவந்த விளப்பில்சாலை ஆலை, ஊர்மக்களின் எதிர்ப்பால் 2011 டிசம்பரில் மூடப்பட்டது. அவரவர் குப்பையை அவரவர் வீட்டிலேயே உரமாக்கும் திட்டம் அதன்பின் பரவியது. நல்ல திட்டமே. ஆனால் சமையல் கழிவு மட்கும், பிளாஸ்டிக் மட்காது. வீடுவீடாக அதைச் சேகரிக்க ஹரித கர்ம சேனை இருந்தும், தப்புவது கால்வாயை அடைக்கிறது. மழைநீர் தெருவில் தேங்க, எலிக்காய்ச்சலுக்கு வழி பிறக்கிறது.

விளப்பில்சாலை ஏற்க மறுத்த சுமையைக் கூலித் தொழிலாளியின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது.