மணி அடிக்க யாருக்கு அதிகாரம்?

மேட்டூர் அணையின் நீர்மட்டம் அதன் முழு அளவான 120 அடியை எட்டி உபரிநீர் திறக்கப்படும் நாட்களில், வினாடிக்கு எத்தனை கன அடி நீர் வெளியேறுகிறது என்ற கணக்கு நீர்வளத்துறையிடமிருந்து கரையோர மாவட்ட ஆட்சியர்களுக்கும், வருவாய்த்துறை வழியாகக் கிராம நிர்வாக அலுவலர் வரைக்கும் இறங்கி வருகிறது. 2018-லும் 2024-லும் காவிரி பெருகியபோது, நாமக்கல் மாவட்டத்தின் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் தாழ்வான தெருக்களில் வசிப்போர் எச்சரிக்கப்பட்டு, முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர். யார் யாருக்குச் சொல்ல வேண்டும், கேட்டவர் எங்கே செல்ல வேண்டும் என்பவை வெள்ளத்துக்கு முன்பே முடிவாகியிருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலம்.

அதே சமவெளியில், சேலம் முதல் திருச்செங்கோடு, நாமக்கல் வரை நிறைந்திருக்கும் கல்லூரிகளின் வளாகங்களில் பல்லாயிரம் மாணவர்கள் பகலில் படிக்கிறார்கள், இரவில் விடுதிகளில் உறங்குகிறார்கள். விடுதிச் சமையலறையில் தீ, ஆய்வகத்தில் எரிவாயுக் கசிவு, அத்துமீறி நுழையும் வெளியாள், மின்னஞ்சலில் வரும் வெடிகுண்டு மிரட்டல் என ஆபத்து எவ்வடிவில் வந்தாலும், அச்செய்தி கடைசி வகுப்பறைக்கு எத்தனை நிமிடங்களில் போய்ச் சேரும் என்பது ஒவ்வொரு நிர்வாகமும் தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

இக்கேள்விக்கு அமெரிக்கா பெரும் விலை கொடுத்து விடை தேடியது. 1986-இல் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொல்லப்பட்ட பின், பெற்றோரின் இடைவிடாத முயற்சியால் 1990-இல் இயற்றப்பட்டு அவர் பெயராலேயே வழங்கும் சட்டம், வளாகக் குற்றங்களை மறைக்காமல் வெளியிடக் கல்லூரிகளைக் கட்டாயப்படுத்தியது. 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் காலை ஏழேகால் மணியளவில் விடுதியில் இருவர் சுடப்பட்டும், மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் 9.26-க்குத்தான் சென்றது, அதற்குச் சில நிமிடங்களுக்குப் பின் வகுப்பறைகளில் மேலும் முப்பது பேர் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு அச்சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்து உறுதியானவுடன் தாமதமின்றி அனுப்பும் ‘அவசர அறிவிப்பு’ கட்டாயமாயிற்று. நடந்துவிட்ட குற்றத்தின் அச்சுறுத்தல் நீடிக்கும்போது விடுக்கப்படும் ‘உரிய நேர எச்சரிக்கை’யிலிருந்து இது வேறுபட்டது.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2015-இல் வெளியிட்ட மாணவர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் சுற்றுச்சுவர், கண்காணிப்புக் கேமரா, விடுதிக் காவல் ஆகியவற்றை வலியுறுத்தின. 2023-இல் தொலைத்தொடர்புத் துறையும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் ‘செல் பிராட்காஸ்ட்’ முறையைச் சோதித்தன. தனித்தனி எண்கள் தேவைப்படாமல், ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் கைப்பேசிகள் அனைத்துக்கும் ஒரே நேரத்தில் ஒலியுடன் செய்தி அனுப்பும் முறை அது. ஆனால், வகுப்பு நேரத்தில் கைப்பேசிக்குத் தடை விதிக்கும் கல்லூரியில் எந்தக் குறுஞ்செய்தியும் மாணவரை எட்டாது என்பதால், அங்கே மணியும் ஒலிபெருக்கியுமே முதல் கருவிகளாக இருக்க வேண்டும்.

கருவியைவிடக் கடினமானது அதிகாரம். ஆபத்தை முதலில் காண்பவர் பெரும்பாலும் ஆய்வக உதவியாளராகவோ இரவுக் காவலராகவோ இருக்கிறார். அவர் துறைத் தலைவரிடமும், துறைத் தலைவர் முதல்வரிடமும், முதல்வர் தாளாளரிடமும் கேட்டு அனுமதி பெறுவதற்குள், தப்பிக்கக் கிடைத்த நேரம் கரைந்துவிடுகிறது. அறிவிப்பின் வாசகமும் முன்னரே எழுதப்பட்டிருக்க வேண்டும்: “வேதியியல் ஆய்வகத்தில் எரிவாயுக் கசிவு; மின்விசைகளைத் தொடாமல் கிழக்கு வாசல் வழியாக விளையாட்டுத் திடலுக்குச் செல்லவும்.” என்ன ஆபத்து, எங்கே, என்ன செய்வது என்ற மூன்றையும் சொல்லும் இத்தகைய வாசகம் தமிழிலும், வெளிமாநில மாணவர்களுக்காக ஆங்கிலத்திலும் ஒலிக்க வேண்டும். ஆபத்து நீங்கியதும் அதே ஒலிபெருக்கி அதையும் அறிவித்தால்தான், வாட்ஸ்அப்பில் பரவும் வதந்தி பெற்றோரை அலைக்கழிக்காது.

கல்லூரி நிர்வாகங்கள் அடுத்த பருவம் தொடங்குமுன் செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல: ஒவ்வொரு வகுப்பறைக் கதவிலும் விடுதித் தளத்திலும் வெளியேறும் வழியையும் 112, 108, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகிய எண்களையும் எழுதி ஒட்டுவது, பருவத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்துவது, யாரிடமும் கேட்காமல் மணி அடிக்கும் உரிமையை இரவுக் காவலருக்கும் எழுத்திலேயே தருவது.