ஐயப்படத் தெரியாத கண்

இந்தப் பத்திரிகையின் கீழோரத்து வெற்றிடத்தில், 8 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, இடப்புறம் ஒரு பெருக்கல் குறியும் வலப்புறம் மிளகளவு ஒரு கரும்புள்ளியும் இட்டுக்கொள்ளுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் பெருக்கல் குறியையே உற்று நோக்கியவாறு, தாளை ஒரு முழத் தூரத்திலிருந்து மெல்ல மெல்ல முகத்தருகே கொண்டுவந்தால், ஏறத்தாழ ஓர் அடித் தூரத்தில் அந்தக் கரும்புள்ளி மாயமாய் மறைந்துவிடும். மறைந்த இடத்தில் ஓட்டை தெரியாது, இருள் தெரியாது. தாளின் வெண்மையே தெரியும். புள்ளி இருக்கும் இடத்தில் இல்லாத வெண்மையைப் பூசியது யார்?

விழியின் பின்சுவரில் ஒளியை உணரும் உயிரணுக்கள் 12 கோடிக்கு மேல் உண்டு; அவை திரட்டும் செய்தியை மூளைக்குச் சுமந்து செல்லும் நரம்பிழைகளோ சுமார் 10 லட்சம்தான். அந்த இழைகள் யாவும் ஒரு கற்றையாகத் திரண்டு விழியை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியுணரும் உயிரணு ஒன்றுகூடக் கிடையாது. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி எட்மே மரியோத் இந்தக் குருட்டுப்புள்ளியை எடுத்துரைத்தார். அன்றாடம் இரண்டு கண்களிலும் இப்படி ஒரு பள்ளத்தைச் சுமந்துகொண்டு திரியும் நாம் ஒரு கண்ணை மூடியபோதும் அதை உணராததற்குக் காரணம், மூளை அக்கம்பக்கத்து நிறத்தைக் கொண்டு அப்பள்ளத்தை நிரவிவிடுவதும், நிரவிய விஷயத்தை நமக்குச் சொல்லாமல் விடுவதுமே ஆகும். காட்சி என்பது நம்மை அறியாமலே நாம் செய்யும் அனுமானம் என்று 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார். பிரத்தியட்சம் என்று நாம் சத்தியம் செய்யும் ஒவ்வொரு காட்சிக்குள்ளும் அனுமானம் குடியிருக்கிறது.

நம் முன்னோர் இதில் ஏமாந்தவர்கள் அல்லர். காட்சியளவையை ஆராய்ந்த சைவ சித்தாந்த ஆசிரியர்கள், குற்றமற்ற காட்சியினின்று ஐயத்தையும் திரிபையும் தனித்தனியே பிரித்து வைத்தார்கள். அந்தி மயங்கும் வேளையில் தொலைவில் நிற்பது கட்டையோ மனிதனோ என்று தடுமாறுவது ஐயம். வழியில் கிடக்கும் பழுதையைப் பாம்பென்றே துணிந்துவிடுவது திரிபு. ஐயம் கொண்டவன் நாலடி முன்னே நடந்து பார்ப்பான். திரிபு கொண்டவன் தடியைத் தேடுவான். இரண்டும் குற்றமே ஆயினும், ஐயத்துக்குள் அதற்குரிய மருந்தும் சேர்ந்தே இருக்கிறது, திரிபுக்குள் அது இல்லை. யந்திரங்களுக்குக் கண் கொடுக்கத் தொடங்கிவிட்ட இக்காலத்தில், அவற்றை உரைத்துப் பார்க்க இதைவிடச் சிறந்த உரைகல்லை நான் அறியேன்.

1966இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சீமோர் பாப்பர்ட் என்ற அறிஞர், கம்ப்யூட்டருக்குப் பார்வை கொடுக்கும் பணியில் கணிசமான பகுதியை ஒரு கோடை விடுமுறையில் மாணவர்களைக் கொண்டு முடித்துவிடலாம் என்று திட்டம் வகுத்தார். அது பல பத்தாண்டுப் பணியாக நீண்டது. 2012ஆம் ஆண்டையொட்டித்தான், லட்சக்கணக்கான படங்களைப் பெயரோடு சேர்த்துக் காட்டிக் காட்டி யந்திரத்தைப் பழக்கும் முறை பெருவெற்றி கண்டது. யந்திரத்துக்குப் படம் என்பது எண்களின் கட்டம். எந்த எண்கோலத்துக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்பதையே அது கற்கிறது.

இந்தக் கல்வியில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கண்டறிய கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில் யந்திரத்தைப் பயிற்றுவித்த 1,28,175 விழித்திரைப் படங்களுள், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா ஆகிய நிலையங்களிலிருந்து வந்தவையும் இருந்தன. இதுபோன்ற ஒரு யந்திரத்தின் முன்னே, 20 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுள்ள என் தாய்மாமனைச் சென்ற ஆண்டு அழைத்துச் சென்றிருந்தேன். மோவாயைத் தாங்கியில் பதித்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தி அவர் உட்கார, "ஐயா, பச்சை வெளிச்சத்தையே பாருங்க, சிமிட்டாதீங்க" என்று சொல்லியபடி ஒரு பெண் படமெடுத்தாள். இடக்கண்ணின் படம் செம்மஞ்சள் நிலவுபோல் இரத்தக்குழாய்களோடு துலக்கமாக வந்தது. வலக்கண்ணின் படமோ மூன்று முறை எடுத்தும் பனிபடர்ந்த கண்ணாடியாகவே இருந்தது. யந்திரம் அதற்கு நோய் உண்டென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. இந்தப் படத்தைக் கொண்டு முடிவு கூற இயலாது, மருத்துவரைப் பாருங்கள் என்றது. "காலையிலேருந்து காக்க வச்சது இதுக்குத்தானா?" என்று மாமா கோபித்துக்கொண்டார். மருத்துவர் பார்த்தபோது, விழித்திரையை மறைத்து நின்றது கண்புரை என்பது விளங்கிற்று.

அன்று அந்த யந்திரம் செய்தவற்றுள் மிக உயர்ந்த காரியம் அந்த மறுப்புத்தான் என்று நான் இன்றும் நினைக்கிறேன். கூகுளின் யந்திரத்தைத் தாய்லாந்துச் சுகாதார நிலையங்களில் வைத்துப் பார்த்தபோது, ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான படங்களைத் தெளிவில்லை என்று அது தள்ளியதால், செவிலியர்களும் நோயாளிகளும் அலுத்துக்கொண்டதாக 2020இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. அந்த அலுப்பு நியாயமானதே; வெகுதூரம் பயணம் செய்து வரும் ஏழைக்கு அது ஒரு நாள் கூலி. ஆனாலும், தெரியாததைத் தெரிந்ததுபோல் நிரவிவிடாத கண்ணை நான் மதிக்கிறேன்.

முகத்தை வைத்து ஆளைத் தேடும் யந்திரத்தின் தர்மம் வேறு. ஒவ்வொரு முகத்தையும் அது ஓர் எண்வரிசையாக மாற்றி, கையிலுள்ள லட்சக்கணக்கான வரிசைகளில் எவையெவை மிக அருகில் நிற்கின்றன என்று பார்த்து, பட்டியலாக நீட்டுகிறது. தேடப்படுபவரின் படம் அந்தத் தொகுப்பிலேயே இல்லாவிட்டாலும், அருகில் நிற்பவர் எவரேனும் இருப்பாரல்லவா? இத்தனை ஒற்றுமை இல்லாவிட்டால் காட்டாதே என்று மனிதர் எல்லை வகுக்காத வரையில், அது யாரையாவது காட்டிக்கொண்டேதான் இருக்கும்.

அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் 2020 ஜனவரியில் நடந்த ஒரு கைதுக்கு வழிவகுத்தது இதுதான். கடையொன்றில் கடிகாரங்கள் களவுபோன வழக்கில், மங்கலான காமிரா படம் ஒன்றை யந்திரத்தில் இட்டுத் தேடியபோது, ஒரு கறுப்பினத்தவரின் பழைய ஓட்டுநர் உரிமப் படம் பட்டியலில் வந்தது. அதற்குப் பின்னே நடந்ததுதான் என்னை மிகவும் வருத்துகிறது: அந்தப் படத்தையும் வேறு ஐந்து படங்களையும் போலீசார் கடையின் பாதுகாப்புப் பணியாளர் ஒருவரிடம் காட்ட, களவை நேரில் காணாமல் காமிரா காட்சியை மட்டுமே பார்த்திருந்த அவரும், இவர்தான் என்றார். யந்திரத்தின் திரிபு மனிதரின் கண்ணில் சாட்சியாக உருவெடுத்தது. மனைவியும் இரு பெண் குழந்தைகளும் பார்த்திருக்க அந்த மனிதரைக் கைது செய்து, ஏறத்தாழ 30 மணி நேரம் காவலில் வைத்தார்கள். விசாரணையில் காமிரா படத்தைத் தம் முகத்தருகே தூக்கிப் பிடித்து, இது நானல்ல என்று அவர் காட்ட வேண்டியதாயிற்று. முன்னமே அருகில் சென்று பார்ப்பதற்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்தப் பிழை எல்லார்மீதும் சமமாக விழுவதுமில்லை. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 2019இல் 189 முகத்தேடல் நிரல்களைச் சோதித்தபோது, அவற்றுள் பலவற்றில், வெள்ளையரைவிட ஆசியர், ஆப்பிரிக்க அமெரிக்கர் முகங்களில், ஒருவரை வேறொருவர் என்று தவறாகப் பொருத்துவது 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாக இருந்தது. நம் நாட்டிலோ, 80 சதவிகித ஒற்றுமை இருந்தாலே பொருத்தம் என்று கொள்வதாக டில்லிப் போலீஸ், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுந்த கேள்விகளுக்கு 2022இல் விடையளித்தது. அதற்குக் குறைந்தால் தவறான பொருத்தமாகக் கருதப்படும், ஆயினும் துணை ஆதாரம் தேடப்படும் என்பதும் அவ்விடையில் இருந்தது. அப்படியானால் சந்தேகத்தினின்று விடுபட எத்தனை சதவிகிதம் வேற்றுமை வேண்டும்?

கைதான அந்த மனிதர் டெட்ராயிட் நகரத்தின்மீது தொடுத்த வழக்கு 2024 ஜூன் மாதம் சமரசத்தில் முடிந்தது. யந்திரம் காட்டிய முகப்பொருத்தத்தை மட்டுமே கொண்டு எவரையும் கைது செய்யலாகாது; வேறு ஆதாரமின்றி அந்தப் படத்தைச் சாட்சியிடம் அடையாளங்காட்டக் கொடுக்கலாகாது என்று அந்நகரப் போலீஸ் ஒப்புக்கொண்டது. இவ்விரு விதிகளையும் நம் பாராளுமன்றமும் சட்டமன்றங்களும் சட்டமாக்க வேண்டும். அவற்றோடு, எல்லைக்குக் குறைந்த ஒற்றுமையில் 'தெரியவில்லை' என்று பதிலுரைக்காத முக யந்திரம் எதையும் எந்த அரசு அலுவலகத்துக்கும் வாங்கலாகாது என்ற மூன்றாவது விதியையும் சேர்க்க வேண்டும். உங்கள் தொகுதிப் பிரதிநிதி வாக்குக் கேட்டு வரும்போது இதைக் கேளுங்கள்.