புற்றுநோய் இல்லை, ஆனாலும்...

புனேக்கு வந்து பதினோரு வருஷமாச்சு. போன மாசம் பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது: ஏடிபிக்கல் டக்டல் ஹைப்பர்ப்ளேசியா. புற்றுநோய் இல்லை. பால் குழாய்க்குள்ளே செல்கள் அளவுக்கு மீறிப் பெருகி, உருவமும் கொஞ்சம் மாறியிருக்கு. ஆனா மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் 4 மடங்கு.

ஊருக்கு போன் போட்டேன். "அதான் ஒண்ணுமில்லைன்னுட்டாங்களே, யார்கிட்டயும் சொல்லிக்காதே" என்றார் அம்மா. அப்புறம் மெதுவாக, தனக்கும் ஒரு கட்டி எடுத்ததாகச் சொன்னார். ரிப்போர்ட் எங்கே? யாருக்கும் தெரியாது. நானோ டாக்டரிடம், குடும்பத்தில் யாருக்கும் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்!

டாக்டர் டாமாக்சிஃபென் பற்றிச் சொன்னார். 1998-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 13,388 பெண்கள். தினம் 20 மி.கி. அல்லது வெறும் மாத்திரை, 5 வருஷம். டாமாக்சிஃபென் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் பாதியாகக் குறைந்தது. என்னைப் போன்ற செல் மாற்றம் உள்ளவர்களுக்கு 86% குறைந்தது. சும்மா கிடைக்கிற பலன் இல்லை. உடம்பு திடீர் திடீரென்று சூடாகும். ரத்தக் கட்டு, கருப்பைப் புற்றுநோய் அபாயமும் உண்டு, 50 வயதுக்கு மேல் அதிகம். கர்ப்பிணிகளுக்குக் கூடாது. 2019-ல் வெளியான இத்தாலிய ஆய்வில் 5 மி.கி., 3 வருஷம் கொடுத்தே நல்ல பலன் கிடைத்திருக்கு.

சாப்பிடலாமா வேண்டாமா என்பது அவரவர் வயசையும் உடம்பையும் பார்த்து டாக்டரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு. ஆனா "ஒண்ணுமில்லை" என்றதும் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடுவது தப்பு. அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அடுத்து தங்கச்சி.

உங்க அம்மாகிட்ட கேட்டிருக்கீங்களா?