‘இஸ்கூல்’ என்றால் ஏன் சிரிப்பு வருகிறது?

ஆமத்தூர்ப் பக்கம் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதச் சொன்னால் எழுதிவிடுகிறார்கள். வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் தலை குனிகிறார்கள். காரணத்தை விசாரித்தோம். பள்ளியில் ஒரு பையன் ‘இஸ்கூல்’ என்றிருக்கிறான். முதலில் சிரித்தவர் ஆசிரியர், பிறகு மொத்த வகுப்பும். “உங்க தெருவுல எல்லாம் இப்படித்தான் பேசுவீங்களா?” என்ற கேள்வியும் வந்திருக்கிறது. தெரு என்றால் எந்தத் தெரு என்று அந்த வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

தோழர்களே, இதை உச்சரிப்புப் பிரச்சினை என்று கடந்துபோக நாம் தயாராக இல்லை.

‘இஸ்கூல்’ எப்படி வருகிறது? தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. தொல்காப்பியக் காலத்து விதி இது. ரகரமும் லகரமும்கூட முதலில் வராது. ராமனை இராமன் ஆக்கியதும், லட்சுமணனை இலக்குவன் ஆக்கியதும், ஸ்கந்தனைக் கந்தன் ஆக்கியதும் இதே நாக்குதான். பண்டிதர் செய்தால் அது தமிழ் மரபு, காலனிப் பிள்ளை செய்தால் தற்குறித்தனமா? ஸ்பானிய மொழியில் பள்ளிக்கூடத்துக்குப் பெயரே ‘எஸ்குவேலா’. அங்கேயும் முன்னால் ஓர் உயிரெழுத்து ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. அவர்களைப் பார்த்து யாரும் தெருவைக் கேட்பதில்லை.

‘புக்’ என்பது ‘புக்கு’ ஆவதும் அப்படித்தான். வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது, ஓர் உகரம் வந்து தாங்கும். ‘எட்டு’ என்று எழுதிவிட்டு ‘யெட்டு’ என்று சொல்லும் வாய், முட்டைக்கான ஆங்கிலச் சொல்லையும் ‘யெக்’ என்றுதான் தொடங்கும். இதில் அறிவுக்குறைவு எங்கே இருக்கிறது? தாய்மொழியின் இலக்கணத்தைப் பிசகாமல் கற்ற பிள்ளை செய்யும் வேலை இது. சிரிக்கிற ஆசிரியருக்கு ஆங்கிலமும் போதவில்லை, தமிழும் போதவில்லை.

இன்னொரு சிக்கல் எழுத்தில் இருக்கிறது. குண்டூசிக்கான ஆங்கிலச் சொல்லையும் குப்பைத்தொட்டிக்கான சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டும் ‘பின்’. பிள்ளைகள் நோட்டில் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழில் எழுதிப் படிப்பது இதனால்தான் காலை வாருகிறது. ஆனால் இரண்டு ஒலியும் அவர்கள் வாயில் ஏற்கனவே இருக்கின்றன. ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ‘ப’ உதட்டில் வெடிக்கும், இரண்டாவது ‘ப’ தொண்டையில் அதிரும். ‘கங்கு’ என்பதில் இரண்டு ககரமும் வேறு வேறு. நடுவில் வரும் ஒலியை முதலுக்குக் கொண்டுவரப் பழக்கினால் போதும். தமிழில் இல்லாத ஒலிகளுக்குத்தான் தனிப் பயிற்சி வேண்டும். தொண்டையில் கை வைத்து வண்டு ரீங்காரத்தைப் பிடிப்பது, மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஊதுவது என்று விளையாட்டாகவே சொல்லித்தரலாம். காசு செலவே இல்லாத பாடம் இது.

சொற்களும் அப்படியே. கம்பெனி, ஷெட், லேபிள், லோடு, கெமிக்கல், போர்மேன், லைசென்ஸ், போனஸ் என்று பட்டாசு வேலைக்குப் போகும் அம்மாவின் பேச்சிலேயே ஒரு பாடப்புத்தகம் இருக்கிறது. அங்கே தொடங்கி எழுத்துக்கும் ஒலிக்கும் முடிச்சுப் போடுங்கள். ஆப்பிளுக்குப் பிறகு போகலாம்.

“ஆங்கிலம் அடிமை மொழி, எதற்கு இந்த மோகம்?” என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய சாவித்திரிபாய் புலே, ஆங்கிலம் படியுங்கள் என்று கவிதையே எழுதினார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் உட்கார்ந்து நம் உரிமையைக் கேட்டது ஆங்கிலத்தில்தான். உத்தரப் பிரதேசத்தின் பாங்கா கிராமத்தில் 2010இல் தலித்துகள் ஆங்கில தேவிக்குக் கோயில் கட்டத் தொடங்கினார்கள். நமக்குக் கோயில் வேண்டாம். ஒழுங்கான வகுப்பறை போதும்.

தமிழை விட்டுவிடச் சொல்லவில்லை. தமிழ் ஒலியைத் தெரிந்தவர்தான் ஆங்கில ஒலியைச் சொல்லித்தர முடியும் என்கிறோம். தமிழ்தான் ஏணி.

அரசு என்ன செய்தது? 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்தது. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்து, தமிழ், கணக்கோடு ஆங்கிலத்தையும் சேர்த்தது. நல்லது. ஆனால் பிள்ளை வாய் திறக்கப் பயந்தால் எந்தத் திட்டமும் பலகையோடு நின்றுவிடும். பட்டம் வாங்கிய பிறகும் நேர்காணலில் வாயடைத்துத் திரும்பும் அண்ணன்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அந்த வாய் ஐந்து வயதிலேயே மூடப்பட்டுவிட்டது.

நாம் கேட்பது இவ்வளவுதான். தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் தமிழ், ஆங்கில ஒலிகளை ஒப்பிட்டுச் சொல்லித்தர வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தினமும் வாய்விட்டுப் பேச நேரம் ஒதுக்க வேண்டும். உச்சரிப்பைக் கேலி செய்வதை மனரீதியான துன்புறுத்தலாகவே பார்க்க வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியை மட்டும் தடுக்கவில்லை, மனதைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோர் இந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லிப் பேச வேண்டும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, வாரத்தில் ஒரு மாலை உங்கள் தெருப் பிள்ளைகளோடு உட்காருங்கள். உங்கள் ஆங்கிலம் சுத்தமாக இருக்கிறதா என்று தயங்க வேண்டாம். தப்பாகச் சொல்கிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காத ஒருவர் அங்கே இருந்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

ஜெய் பீம்.