வலையில் ஏறும் குப்பைக்கு யார் கூலி கொடுப்பது?

இழுவை வலையைத் தூக்கினால் மீனோடு பைகள், பாட்டில்கள், அறுந்த வலைத் துண்டுகள் எல்லாம் சேர்ந்தே ஏறுகின்றன. மீனைப் பெட்டியில் போட்டுவிட்டு மற்றதைத் திரும்பக் கடலிலேயே தள்ளிவிடுகிறார்கள். இதற்காக மீனவர்களைக் குறை சொல்வது சுலபம். ஆனால், கரைக்குக் கொண்டு வந்தால் அதை வாங்கிக்கொள்ள யார் இருக்கிறார்கள்? படகில் இடமும் போச்சு, பிரிக்கிற நேரமும் போச்சு, கையில் காசும் இல்லை என்றால் யார்தான் சுமப்பார்கள்?

கேரளத்தில், கொல்லம் பக்கத்தில் உள்ள நீண்டகரை துறைமுகம் 2017-இல் இந்தக் கேள்விக்குப் பதில் தேடியது. ‘சுசித்வ சாகரம்’ என்ற திட்டத்தில் படகுகளுக்குப் பைகள் கொடுக்கப்பட்டன. வலையில் சிக்கும் பிளாஸ்டிக்கை அதில் போட்டுக் கரை சேர்த்தால் போதும். கழுவிப் பிரிக்கும் வேலை மீனவக் குடும்பப் பெண்களுக்குக் கிடைத்தது. அரைத்த துண்டுகள் தார்ச் சாலைக்குப் போயின. முதல் 10 மாதங்களில் சுமார் 25 டன் குப்பை வெளியே வந்தது. பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. பையும், வாங்கிக்கொள்ள ஆளும் இருந்தது, அவ்வளவுதான்.

தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக்குகளுக்குத் தடை. 2021-இல் ‘மஞ்சப்பை’ வந்தது. இரண்டுமே கடைவீதியைப் பார்த்துப் போடப்பட்டவை. கடலுக்குள் மோசமான கெடுதலைச் செய்யும் பிளாஸ்டிக் ஒன்று தொழிலுக்குள்ளேயே இருக்கிறது: வலை.

பருத்தி நூல் வலை தொலைந்தால் கொஞ்ச காலத்தில் மக்கிப்போகும். நைலான் வலை அப்படியில்லை. பாறையில் மாட்டியோ, புயலில் அடித்துக்கொண்டோ, விசைப்படகு குறுக்கே ஓடியோ அறுந்த வலை, ஆளில்லாமலே மீனையும் நண்டையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும். ‘பேய் வலை’ என்ற பெயர் அதனால்தான். மன்னார் வளைகுடாவில் இது பவளப்பாறைகளின் மேலேயே போர்த்திக் கிடக்கிறது. நல்ல வலையை எந்த மீனவரும் வேண்டுமென்று வீசுவதில்லை. அது அவருடைய கடன் பணம். எனவே அபராதம் போட்டால் தொலைந்த வலையைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார், வேறெதுவும் நடக்காது.

காசு திரும்பி வந்தால் பொருளும் திரும்பி வரும் என்பதற்கு நீலகிரி டாஸ்மாக் கடைகளே சாட்சி. 2022 முதல் அங்கே பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். வலைக்கும் இதே கணக்கு பொருந்தும், ஒரு திருத்தத்தோடு: முன்பணத்தைக் கட்ட வேண்டியது மீனவர் அல்ல, வலை தயாரிக்கும் நிறுவனம். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இலேயே, மீன்பிடி சாதனக் கழிவின் செலவைத் தயாரிப்பாளர் ஏற்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டது. இந்தியாவில் 2022-இல் வந்த தயாரிப்பாளர் பொறுப்பு விதிகளோ பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக்கோடு நின்றுவிட்டன.

மீனவருக்குத் துளியும் சம்பந்தமில்லாத பிளாஸ்டிக்கும் உண்டு. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய ‘எம்எஸ்சி எல்சா 3’ கப்பலிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கின. அரிசி அளவு உருண்டைகளை மணலிலிருந்து சல்லடை போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சென்னை காசிமேட்டில் பழைய வலைகளைக் காசு கொடுத்து வாங்கும் முயற்சியை அரசு தொடங்கியிருக்கிறது. ஒரு துறைமுகத்தோடு நின்றால் பயனில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலை பின்னும் வேலை நடக்கும், வெட்டிப்போட்ட துண்டுகள் மணலிலேயே கிடக்கும். அந்த நாட்களில் ஒவ்வொரு ஏலக்கூடத்திலும் ஒரு தராசும், அன்றைக்கே பணம் தர ஒரு ஆளும் இருக்க வேண்டும். தடைக்கால நிவாரணத்தை நம்பி ஓட்டும் வீடுகளுக்கு அந்தக் கிலோக் காசு சின்ன விஷயமில்லை.