குழு வேண்டாம், கிராம சபைக்கு வாருங்கள்

காட்டைக் காக்க மக்கள் பங்கேற்பு வேண்டும் என்கிறார் வனச்சரகர். குழு அமைக்கிறார், கையெழுத்து வாங்குகிறார். தீயணைக்க நாங்கள், முடிவெடுக்க அலுவலகம். இதற்குப் பெயர் பங்கேற்பா?

2006 வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, காட்டையும் காட்டுயிரையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே தந்திருக்கிறது. ஆனால் காட்டை நம்பி வாழும் தலித்துகளிடம் அதே சட்டம் 75 ஆண்டு வாழ்ந்ததற்குச் சான்று கேட்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பட்டா மறுக்கப்பட்டவர்கள் எந்தக் காகிதத்தைக் காட்டுவது? முதியோர் வாக்குமூலமும் சான்றுதான் என்கிறது விதி 13. அதை ஊரில் படித்துக் காட்டிய சரகர்கள் எத்தனை பேர்?

1992 வாச்சாத்தி வன்கொடுமைக்காக 2011இல் தண்டிக்கப்பட்ட 215 பேரில் வனத்துறையினரே அதிகம். அந்தத் துறை குழு போட்டு நம்பிக்கையை வாங்கிவிட முடியாது.

சரகரே, கிராம சபைக்கு வாருங்கள். எங்கள் உரிமை மனுக்களுக்குக் குறுக்கே நிற்காதீர்கள். காட்டை நாங்கள் காப்போம்.