எச்சரிக்கையின் ஏற்றத்தாழ்வு

அவிநாசியில் எம் இல்லத்திற்கு அணித்தே பனியன் துணி பின்னும் கூடம் ஒன்றுண்டு. வட்டப் பின்னற்பொறிகள் அங்கே இராப்பகலாய்ச் சுழலும். நூலிழை ஒன்று அறுந்தால் பொறி தானே நின்றுவிடும்; விளக்கொன்று ஒளிரும். அதனைக் கண்ட தொழிலாளி முதலாளியைத் தேடி ஓடுவதில்லை; இழையை முடிந்து பொறியை மீண்டும் ஓட்டுகின்றான். ஆயின், மின்கம்பியினின்று புகைநாற்றம் எழுமேல், அவனே நொடியும் தாழாது கூடத்து மின்சாரம் முழுவதையும் நிறுத்தி, அனைவரையும் கூவி அழைப்பான். எது சிறிது, எது பெரிது எனப் பகுத்துணரும் இவ்வறிவு பழக்கத்தால் அவனுக்கு வாய்த்தது. அக்கூடத்தின் கணக்கறையிலுள்ள கணினியினிடத்தும் இவ்வறிவை நாம் செலுத்துகின்றோமா என்பதே ஈண்டு யாம் எழுப்பும் வினா.

கணினி ஒவ்வொன்றும் தன்னுள் நிகழ்வனவற்றை நாளும் மணியும் குறித்துப் பதிவேடொன்றில் எழுதிக்கொண்டே வருகின்றது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான வரிகள் அதில் சேர்தல் கூடும். அவற்றுள் எதனை முதலிற் காண்பது? இதன்பொருட்டே ஒவ்வொரு வரிக்கும் அதன் கடுமையைக் காட்டும் படிநிலை ஒன்று வகுக்கப்பட்டது. 1980-களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் எரிக் ஆல்மன் என்பார், செண்ட்மெயில் என்னும் தம் அஞ்சல் மென்பொருளுக்கென அமைத்த சிஸ்லாக் முறை பின்னர் உலகெங்கும் பரவிற்று. 2009-இல் வெளிவந்த அதன் பொதுவரையறை எட்டுப் படிகளைக் கூறும். கணினி முற்றும் பயன்படாதொழிந்த அவசரநிலைக்கு எண் 0, உடனே செயல்பட வேண்டியதற்கு 1, நெருக்கடிக்கு 2, பிழைக்கு 3, எச்சரிக்கைக்கு 4, இயல்பே ஆயினும் கருதத்தக்கதற்கு 5, வெறுந் தகவலுக்கு 6, மென்பொருள் செய்வோர் தம் ஆய்வுக்கென எழுதும் குறிப்புக்கு 7. எண் குறையக் குறையக் கேடு மிகும் என்க. விண்டோஸ் கணினியின் பதிவேடு இதனினும் குறைந்த படிகளை உடையது. நெருக்கடி, பிழை, எச்சரிக்கை, தகவல் என்பன அவற்றுள் தலையாயவை.

இத்தகைய படிமுறை நம் நாட்டார்க்குப் புதிதன்று. 1864-இல் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியதன் பின்னர், 1865-இல் அத்துறைமுகத்திற்கெனப் புயலெச்சரிக்கை முறை ஏற்பட்டது. இன்று கடலூரிலும் நாகையிலும் பாம்பனிலும் ஏற்றப்படும் புயற்கூண்டுகளை அறியாதார் யார்? முதலாம் எண் தொலைவிலுள்ள தீவானிலையைக் குறிக்கும். பத்தாம் எண் பேரபாயத்தைக் குறிக்கும். எண்ணைக் கேட்ட அளவிலேயே மீனவர் தாம் செய்யத்தக்கது இன்னதெனத் தெளிகின்றனர். படிநிலையின் பயன் இதுவே. அஃது அஞ்சுவதற்கு அன்று, செய்வதற்கு.

நிற்க. இனி எம் தமையனார்க்கு நேர்ந்த ஒன்றைக் கூறுவோம். அவர் சிறிய ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதுபவர். அங்கே மின்சாரம் தடைப்படுந்தோறும், கணினி முறையாக நிறுத்தப்படாமல் மீண்டும் தொடங்கிற்று என்னும் வரி பதிவேட்டில் விழும். அதன் எண் 41. அதன் படியோ நெருக்கடி. அதன் நிறம் சிவப்பு. முதல் முறை கண்டபோது தமையனார் திடுக்கிட்டார். பத்தாம் முறை நகைத்தார். பின்னர்ப் பதிவேட்டைத் திறப்பதையே விட்டார். அந்நாட்களில் மஞ்சள் நிறத்தில் வேறொரு வரியும் நாள்தோறும் விழுந்துகொண்டிருந்தது. வட்டில் எழுதவேண்டியதை ஒருமுறையில் எழுத இயலாது மீண்டும் முயல நேர்ந்தது என்பது அதன் பொருள். அதன் எண் 153. அதன் படி எச்சரிக்கை மட்டுமே. மூன்று கிழமை கழிந்து வட்டு முற்றும் செயலிழந்தது. மூன்று திங்களின் விலைப்பட்டியல்களையும் வரிக்கணக்கையும் காகிதத்தினின்று மீண்டும் ஏற்ற, மூவர் பதினோரிரவு கண்விழித்தனர். அக்கிழமைகளில் தமையனார் இல்லத்தில் உணவருந்தியதை யாம் கண்டிலேம்.

இதனால் யாம் உணர்ந்தது யாது? பதிவேட்டின் படிகள் பொய்யுரைக்கவில்லை. ஆயின், அவை நம் நிலையினின்று உரைக்கவுமில்லை. மென்பொருளை இயற்றியோர் எங்கோ இருந்து, இந்நிகழ்ச்சி தம் பொறிக்கு எத்துணைப் பெரிது என்று கருதிப் படியிட்டனர். அவிநாசியில் மாலைதோறும் மின்சாரம் போவதை அவர் அறியார். அவ்வட்டிலேயே ஒரு குடும்பத்தின் சோறு இருப்பதையும் அறியார். கள்வன் ஒருவன் திருடிய கடவுச்சொல்லைக் கொண்டு நள்ளிரவில் கணினியுட் புகுந்தால், ‘கணக்கர் உள்நுழைந்தார்’ என்று தகவற்படியிலேயே பதிவேடு எழுதும். உரிய சொல்லைச் சொன்னவனைக் கணினி எங்ஙனம் ஐயுறும்? கணக்கர் அப்பொழுது உறங்குகின்றார் என்பதை அறிந்த மனிதரே அவ்வரியைக் கண்டு துணுக்குறல் வேண்டும்.

அங்ஙனமாயின் எல்லாவற்றையும் உயர்ந்த படியில் வைத்து எச்சரித்தல் பாதுகாப்பன்றோ எனின், அன்று. 1994-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24-ஆம் நாள் வேல்சு நாட்டு மில்ஃபோர்டு ஹேவனில் எண்ணெய்த் தூய்மிப்பாலை ஒன்று வெடித்தது. அதற்கு முந்திய பதினொரு நிமிடங்களில் இருவர் முன்னே 275 எச்சரிக்கைகள் ஒலித்தன. எதனைக் காண்பர்? எதனை விடுப்பர்? எச்சரிக்கை இல்லாமையால் அன்று, அது மிகுந்தமையால் அவர்கள் செயலற்றனர். புலி வருது, புலி வருது என்று நாளும் கூவியவனுக்கு நேர்ந்ததை நம் பாட்டியர் நமக்குச் சொல்லாமலில்லை. சிறியதைப் பெரிதென்பவனும் பெரியதைச் சிறிதென்பவனும் ஒரே குற்றத்தையே செய்கின்றனர். இருவரும் கேட்பவன் செவியைக் கெடுக்கின்றனர்.

மற்றொன்றும் கருதத்தக்கது. புயற்கூண்டுகளுள் பதினோராம் எண் யாது குறிக்கும்? வானிலை மையத்தோடு தொடர்பு அற்றுப்போயிற்று என்பதை. செய்தி வாராமையையே கொடிய செய்தியாகக் கொண்ட முன்னோர் மதி வியக்கற்பாலது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-இல் தொடங்கிவைக்கப்பெற்ற அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை நினைமின். பவானியாற்றின் உபரிநீர் ஆறு நீரேற்று நிலையங்களால் உந்தப்பெற்று, ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர் மாவட்டங்களின் 1,045 குளங்குட்டைகளுக்குச் செல்லுமாறு வகுக்கப்பட்டது அது. அந்நீரைக் கருவிகள் கொண்டு தொலைவிலிருந்து கண்காணிக்கும் ஏற்பாடும் அதன்கண் உண்டு. ஒரு குளத்தினின்று செய்தியே வாராதொழியின், அங்கே யாவும் நலம் என்று கொள்வதா, கருவி பழுதுற்றது என்று கொள்வதா? வெறுமையான பதிவேட்டைக் கண்டு மகிழ்பவன் பதினோராம் கூண்டை மறந்தவன் ஆவான்.

இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவாகிய செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த ஆணை, நிறுவனங்கள் தம் கணினிப் பதிவேடுகளை 180 நாட்களுக்குக் காத்துவைத்தல் வேண்டும் என்றும், குறித்த வகை இணையத் தாக்குதல்களை அறிந்த ஆறு மணிக்குள் அறிவித்தல் வேண்டும் என்றும் கூறுகின்றது. நன்று, ஆயின் காத்துவைத்தல் வேறு, படித்தல் வேறு. அறியாததை ஆறு மணிக்குள் அறிவிப்பது எங்ஙனம்?

ஆதலின் எம் கருத்து இது: வெளியார் இட்ட படியைத் தொடக்கமாகக் கொள்க, முடிவாகக் கொள்ளற்க. ஒவ்வொரு நிறுவனமும் தன் பதிவேட்டில் அடிக்கடி தோன்றும் வரிகளை எடுத்து, மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். இதன்மேற் செயல்பட வேண்டியவர் யார்? எத்துணைக் காலத்துள்? செய்யாதொழியின் இழப்பது யாது? விடைகளை நல்ல தமிழில் ஒரு தாளில் எழுதிக் கணினியின் அருகே ஒட்டிவைத்தல் வேண்டும். ஆங்கிலச் சொல்லின் பொருள் விளங்காது நிறத்தை மட்டும் நோக்கும் எழுத்தருக்கு அத்தாளே கூண்டேற்றும் கம்பமாகும்.

தமிழ் பயிலும் எமக்குக் கணினியில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவினர். ஒரு சொல்லுக்கும் மற்றொரு சொல்லுக்கும் உள்ள நிறை வேறுபாட்டை அறிதலன்றோ எம் கல்வி? பிழை வேறு, நெருக்கடி வேறு என்று ஊரார்க்கு விளங்கச் சொல்லுதலும் அக்கல்வியின் கடனே. விடுமுறையில் அவிநாசிக்குச் சென்று, தமையனாரோடு அமர்ந்து அத்தகைய தாளொன்றை யாமே எழுதினோம். அதன் முதல் வரியில் 153 என்னும் எண் நிற்கின்றது; எதிரே, ‘அன்றே வட்டினைப் படியெடுக்க; முதலாளிக்குச் சொல்க’ என்று எழுதியுள்ளோம். 41 அதற்குக் கீழே நிற்கின்றது.